30 பாகையைப் பிடித்து வைக்கும் பெட்டி: திருகோணமலைக்கு ஒரு பெல்ற்றியர் இன்கியுபேற்றர் மதிப்பீடு

இன்கியுபேற்றர் வாங்கப் போகிறவர்கள் விலைப்பட்டியலில் முதலில் பார்ப்பது அது எத்தனை பாகை வரை சூடேறும் என்பதைத்தான். திருகோணமலையில் பார்க்க வேண்டியது எத்தனை பாகை வரை இறங்கும் என்பதை. சூடேற்ற ஒரு குண்டு பல்பே போதும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் அறைக்குள்ளேயே 33, 34 பாகை நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெட்டிக்குள் இரவும் பகலும் 30 பாகையை அசையாமல் வைத்திருப்பதுதான் கடினம். அந்த 30 பாகை இல்லாமல் செய்யவே முடியாத ஒரு பரிசோதனை இருக்கிறது: பற்றீரியாவின் வித்தி (பட்டினியைத் தாங்கும் உறங்குநிலை) உருவாக்கத்தைக் குழப்பும் வெப்பவுணர் விகாரங்களைப் பார்ப்பது.

அந்தப் பரிசோதனைக்கு, மேசையில் வைக்கக்கூடிய 20 முதல் 30 லீற்றர் கொள்ளளவுள்ள, மின்னோட்டத்தாலேயே குளிரவும் சூடேறவும் கூடிய பெல்ற்றியர் வகை இன்கியுபேற்றர் எப்படி என்பதே இந்த மதிப்பீடு. ஏறத்தாழ ஒரே உட்பாகங்களோடு பல பெயர்களில் விற்கப்படும் வகை என்பதால் பெயரை விட்டுவிட்டு வகையைப் பற்றிப் பேசுகிறோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் மாணவர்களுக்கும் நகரத்துப் பாடசாலைகளின் உயர்தர வகுப்புகளுக்கும் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

பெட்டியை மதிப்பிட முதல், அதனிடம் என்ன வேலை கேட்கிறோம் என்று தெரிய வேண்டும். பசிலஸ் சப்டிலிஸ் என்ற மண் பற்றீரியா உணவு தீரும் வேளையில் பிரிந்து பெருகுவதை விட்டுவிட்டு வித்தி ஆகத் தொடங்கும். பட்டினிச் செய்தி ஒரு பொசுபேற்றுச் சங்கிலி வழியாக ஸ்போ-0ஏ என்ற புரதத்துக்குப் போகும். கலம் நடுவில் பிரியாமல் ஒரு முனைக்குக் கிட்டச் சுவர் போடும். சிறிய பக்கம் முன்வித்தி, பெரிய பக்கம் தாய்க்கலம். தாய்க்கலம் முன்வித்தியை விழுங்கி, அதைச் சுற்றிப் புறணியும் மேலுறையும் கட்டி, கடைசியில் தான் வெடித்து வித்தியை வெளியே விடும். 37 பாகையில் இதற்கு ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். ஒவ்வொரு கட்டத்தையும், எந்த ஜீன்கள் இயங்க வேண்டும் என்று காட்டும் சிக்மா காரணிகள் என்ற புரதங்கள் வரிசையாக நடத்துகின்றன: முதலில் எச், பிறகு முன்வித்தியில் எஃப், தாய்க்கலத்தில் ஈ, மறுபடி முன்வித்தியில் ஜி, முடிவில் தாய்க்கலத்தில் கே.

இதில் ஒரு புரதத்தின் ஓர் அமினோ அமிலம் மாறினால், அந்தப் புரதம் 30 பாகையில் ஒழுங்காக மடிந்து வேலை செய்து, 42 இலோ 47 இலோ குலைந்துபோகக்கூடும். அதுவே வெப்பவுணர் விகாரம். ஜீனை அடியோடு நீக்கினால் இது கிடைக்காது. நீக்கியது எந்த வெப்பநிலையிலும் நீக்கியதுதான். வித்தியாதலுக்கு வேண்டிய புரதங்களில் சில கலம் உயிர்வாழவே தேவையானவை. ஜீன்களை ஆர்.என்.ஏ ஆகப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ பொலிமரேஸ், புரதங்களை மென்சவ்வு தாண்டி அனுப்பும் செக்-ஏ, பிரிசுவர் போடும் எஃப்.ரி.எஸ்-இசெட் போன்றவற்றை நீக்கிவிட்டு எதையும் ஆராய முடியாது, கலம் செத்துவிடும். அதனால்தான் வெப்பவுணர் விகாரி, அதாவது அந்த விகாரம் கொண்ட பற்றீரியா, இவ்வளவு பெறுமதி. ஆர்.என்.ஏ பொலிமரேசில் நிகழ்ந்த ஒரு விகாரம் வித்தியாதலை வெப்பநிலை சார்ந்ததாக ஆக்கிவிடுகிறது என்று 1973 இல் ரெரன்ஸ் லெய்ட்டன் காட்டியது இந்த வழியில்தான்.

ஆக, பெட்டியிடம் கேட்பது இவ்வளவுதான்: விகாரப் புரதம் வேலை செய்யும் இசைவு வெப்பநிலையான 30 ஐ மூன்று நாள் தொடர்ந்து வைத்திரு. இந்த விகாரங்கள் சுவிட்ச் போட்டு அணைப்பதுபோல் ஒரே பாகையில் நின்றுவிடுவதில்லை. 30 இல் முழுதாக, 42 இல் இல்லவே இல்லை என்றால், நடுவில் 33, 35 இல் அரைகுறையாக வித்தி வரும். 30 இல் இருக்க வேண்டிய ஏகார் தட்டு (இசைவுத் தட்டு) மத்தியானத்தில் 34 க்கு ஏறி இரவில் 29 க்கு இறங்கினால், வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இனிச் சாதாரண, சூடேற்ற மட்டும் தெரிந்த இன்கியுபேற்றருக்கு வருவோம். அதன் கைந்நூலில் கீழெல்லை 'அறை வெப்பநிலை + 5' என்று போட்டிருக்கும். யாரும் அதை வாசிப்பதில்லை. அறை 33 என்றால் அந்தப் பெட்டி நம்பிக்கையோடு பிடிக்கக்கூடிய ஆகக் குறைந்த வெப்பநிலை 38. முப்பது கிடைக்காதது மட்டுமல்ல, எல்லாரும் சாதாரணமாகப் போடுகிற 37 கூட ஜூன் மாத மத்தியானத்தில் நிச்சயமில்லை. திரையில் 37 என்று எரிந்துகொண்டிருக்கும்; உள்ளே காற்றாடி மோட்டர் தருகிற சூட்டுக்கு வெளியேற வழி இராது. மார்கழியில் வாடைக்காற்றும் மழையுமாக அறை 27 க்கு இறங்கினாலும் கணக்கு 32 இல்தான் நிற்கிறது. வருடம் முழுக்க ஒருநாளும் 30 இல்லை.

ஏசி அறையில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஏசி 25 இல் ஓடினால் 30 விளிம்பில் கிடைக்கும். ஆனால் பின்னேரம் கதவைப் பூட்டும்போது ஏசியையும் அணைத்துவிட்டுப் போவார்கள். வித்தியாதல் நடப்பது பெரும்பாலும் இரவில்.

பெல்ற்றியர் பெட்டி இந்தச் சிக்கலை நேராகத் தீர்க்கிறது. குறைகடத்தித் தகடு ஒன்றின் வழியே மின்னோட்டம் ஒரு திசையில் போனால் உட்பக்கம் குளிரும், வெளிப்பக்கம் சூடாகும். திசையை மாற்றினால் நேர்மாறு. கொம்பிரசர் இல்லை, வாயு இல்லை, அதிர்வும் இல்லை. அறை வெப்பத்துக்கு 15 பாகை கீழே வரை இறங்கும் என்று இந்த வகைக்குப் பொதுவாகச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது நாலைந்து பாகைதான் என்பதால் இயந்திரம் மூச்சு வாங்காமல் வேலை செய்யும். விலைக்குத் தகுந்த பொருள் என்று சொல்ல இதுவே முதற்காரணம்.

ஒரே பெட்டி 30 உம் 42 உம் தரும் என்று விளம்பரம் சொல்லும். தரும்தான், ஒரே நேரத்தில் இல்லை. வெப்பவுணர் பரிசோதனைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். அதற்காக இரண்டு பெல்ற்றியர் வாங்கத் தேவையில்லை. பழைய சூடேற்றும் இன்கியுபேற்றரைத் தள்ளிவிடாமல் 42 க்கு ஒதுக்குங்கள். அறை 34 ஆக இருந்தாலும் அதன் கீழெல்லை 39 தானே, 42 அதற்குச் சுலபம். புதுப் பெட்டியை 30 இல் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் இடையே அடிக்கடி மாற்றுவது தகட்டின் பற்றாசு இணைப்புகளைக் களைக்கச் செய்து ஆயுளைக் குறைக்கும்.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, பின்பக்க வெப்பச்சிறகு. உள்ளிருந்து எடுத்த சூடு அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் தான் விட்ட சூட்டைத் தானே குடிக்கும். உள்ளே 30 மெல்ல மெல்ல 31, 32 ஆகும். பின்னால் 15 சென்ரிமீற்றராவது விடுங்கள். ஓட்டோகிளேவ் இருக்கிற மூலையிலும் வெயில் விழும் யன்னலோரத்திலும் வைக்க வேண்டாம். இரண்டாவது, உப்புக் காற்று. கடற்கரையிலிருந்து கொஞ்சத் தூரத்துக்குள் இருக்கிற கட்டடம் எதிலும் அலுமினியச் சிறகில் வெள்ளைப் பூப்போல் அரிப்பு வரும், காற்றாடியின் பெயரிங் சத்தம் போடத் தொடங்கும். மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் சிறகைத் தட்டித் துடையுங்கள். காற்றாடி பெரும்பாலும் கொம்பியூட்டருக்குப் போடுகிற 12 வோல்ற் வகைதான். நகரத்துக் கொம்பியூட்டர் கடையில் மாற்று எடுக்கலாம். தகடோ கட்டுப்பாட்டு அட்டையோ போனால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். 260 கிலோமீற்றர் தூரம், போக்குவரத்துச் செலவு யார் பொறுப்பு என்று வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, நீர் ஒடுங்கல். உட்காற்று 30 ஆக இருந்தாலும் குளிர்ச்சிறகு அதைவிடக் குளிர். கார்த்திகை மழைக் காலத்தில் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று புகுந்து சிறகில் சொட்டாகும். அடித்தட்டை வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு ஏகார் தட்டுகளில் பச்சையும் கறுப்புமாக அதுதான் முளைக்கும்.

திரையில் தெரியும் எண் உணரி இருக்கிற இடத்துக் காற்றின் வெப்பநிலை. உங்கள் தட்டின் வெப்பநிலை அதுவல்ல. 100 மில்லிலீற்றர் தண்ணீர் நிறைந்த குடுவைக்குள் 0.2 பாகைப் பிரிவுள்ள வெப்பமானியை விட்டு மேல்தட்டு, கீழ்த்தட்டு, கதவோரம் என்று இடம் மாற்றி, ஒவ்வோர் இடத்திலும் ஓரிரவு விட்டுக் காலையில் கதவு திறந்த கையோடு வாசியுங்கள். வெப்பமானியின் பூச்சியத்தை நொறுக்கிய பனிக்கட்டிக் கூழில் சரிபார்க்கலாம். மேல்முனைக்கு, காய்ச்சல் பார்க்கிற டிஜிற்றல் வெப்பமானி நல்ல ஒப்பீடு. அது 35 க்கும் 42 க்கும் இடையில் துல்லியமாக இருக்கும்படி செய்யப்பட்டது. இரண்டையும் 40 பாகை வெந்நீரில் சேர்த்துப் பிடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இடத்துக்கு இடம் அரைப் பாகைக்கு மேல் வேறுபட்டால் பரிசோதனைத் தட்டுகளை எப்போதும் ஒரே அடுக்கில் வையுங்கள். 90 மில்லிமீற்றர் பெட்ரித் தட்டுகளை ஐந்துக்கு மேல் அடுக்க வேண்டாம்; நடுத்தட்டு வெப்பநிலைக்கு வரப் பிந்தும்.

இந்தப் பெட்டிக்குப் பொருத்தமான பரிசோதனை தட்டில் செய்வது. குலுக்கி தேவையில்லை, மூன்று நாளில் கண்ணாலேயே விடை தெரியும். வித்தியாக்க ஊடகம் ஒரு லீற்றருக்கு: நியூற்றியன்ற் புரோத் 8 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1 கிராம், ஏழு நீர் மூலக்கூறுள்ள மக்னீசியம் சல்பேற்று 0.12 கிராம், ஏகார் 15 கிராம். சோடியம் ஐதரொட்சைட்டால் பீ.எச் 7.6 க்குக் கொண்டுவந்து ஓட்டோகிளேவ் பண்ணுங்கள். ஏறத்தாழ 55 பாகைக்கு ஆறிய பிறகு, தனித்தனியே கிருமிநீக்கிய மூன்றைச் சேருங்கள்: 1 மோலர் கல்சியம் நைத்திரேற்று 1 மில்லிலீற்றர், 0.01 மோலர் மங்கனீசு குளோரைட்டு 1 மில்லிலீற்றர், 1 மில்லிமோலர் பெரசு சல்பேற்று 1 மில்லிலீற்றர். பெரசு சல்பேற்றை அன்றன்றைக்கே கரைத்து வடிகட்டுங்கள்; பழசு மஞ்சளாகிப் பயனற்றுப்போகும். முதலிலேயே எல்லாம் போட்டு ஓட்டோகிளேவ் பண்ணினால் கல்சியம் வீழ்படிவாகிக் கலங்கும். காய்ச்சி வடித்த நீரைத்தான் பாவிக்க வேண்டும், கிணற்றுநீர் வேண்டாம். குளுக்கோஸ் கலந்த ஊடகமும் ஆகாது. சர்க்கரை இருக்கும் வரை கலம் பட்டினியை உணராது, வித்தி வராது. தட்டுக்கு 25 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். வழக்கமாக ஊற்றுகிற 15 மில்லிலீற்றர் 42 பாகையில் மூன்றாம் நாள் காய்ந்து சுருங்கிவிடும். 42 பெட்டிக்குள் ஒரு தட்டத்தில் தண்ணீர் வைத்து, தட்டுகளைக் கவிழ்த்துப் பொலித்தீன் பையில் தளர்வாகக் கட்டி வைப்பது இன்னும் நல்லது.

விகாரியை எங்கே எடுப்பது? இருப்புச் சேகரிப்புகளிலிருந்து வரவழைக்கலாம். இல்லாவிட்டால் வகுப்பிலேயே தேடலாம். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிர்ப்புத் தரும் விகாரங்கள் ஆர்.என்.ஏ பொலிமரேசின் பீற்றா உபஅலகில், அதாவது ஆர்.பி.ஓ-பி ஜீனில் விழுகின்றன. பத்துக் கோடிக்கு ஒன்று முதல் நூறு கோடிக்கு ஒன்று வரை என்ற அளவில் அவை தாமாகவே தோன்றும். பசிலஸ் சப்டிலிஸ் 168 என்ற வழக்கமான ஆய்வக வகையின் செறிவூட்டிய வளர்ப்பை மில்லிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் ரிஃபாம்பிசின் உள்ள ஏகாரில் பரப்பி 30 பாகையில் இரண்டு நாள் வையுங்கள். வளரும் கூட்டங்களைப் பல்குத்தியால் எடுத்து, ஒரே எண்ணிட்ட கட்டத்தில் இரண்டு வித்தியாக்கத் தட்டுகளில் புள்ளி வையுங்கள். ஒன்று 30 க்கு, மற்றது 42 க்கு. கூடவே ரிஃபாம்பிசின் விகாரம் இல்லாத மூல 168 ஐயும் இரண்டிலும் வைக்க மறக்க வேண்டாம். பெரும்பாலான எதிர்ப்பிகள் இரண்டிலும் சாதாரணமாக வித்தி போடும். சில இரண்டிலும் போடாது. 30 இல் போட்டு 42 இல் போடாத ஒன்று கிடைக்கும்வரை நிறையக் கூட்டங்களைப் பார்க்கப் பொறுமை வேண்டும். ரிஃபாம்பிசினைத் தூய தூளாக வாங்கி டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானில் கரைத்து வெளிச்சம் படாமல் வையுங்கள். காசநோய் மாத்திரையை அரைத்துப் போடுவது சரியல்ல, அளவும் தெரியாது. விகார வீதத்தைக் கூட்ட இரசாயன விகாரத் தூண்டிகளைப் பாடசாலைக்குள் கொண்டுவரவே கூடாது. அவை புற்றுநோய் வருத்துபவை.

மூன்றாம் நாள் தட்டை வெளியே எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். 30 இல் வளர்ந்த விகாரிக் கூட்டம் மங்கலாக, ஒளி புகாமல், கபில நிறமாக, ஓரம் சுருங்கி நிற்கும். அதே எண்ணின் 42 தட்டுப் புள்ளி வெளிறி, நடுவில் மெலிந்து, கண்ணாடித்தன்மையோடு இருக்கும்; கீழே அச்செழுத்து இருந்தால் அதனூடே வாசிக்கலாம். கபில நிறம் வித்தியின் மேலுறையில் இருக்கிற நொதியத்தால் வருவது. மேலுறை கட்டப்படாத இடத்தில் நிறமும் இல்லை. பக்கத்தில் 168 இரண்டு தட்டிலும் கபிலமாக இருந்தால் மட்டுமே இதை நம்பலாம். 168 உம் வெளிறியிருந்தால் விகாரத்தைத் தேடாதீர்கள், பெரும்பாலும் மங்கனீசு போட மறந்திருக்கும்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லாமல் எண்ணிப் பார்ப்பதுதான் முறை. கூட்டத்தை உப்பு நீரில் கரைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றை அப்படியே ஐதாக்கிப் பரப்புங்கள்; மற்றதை, வித்தி மட்டுமே தப்பும்படி, 80 பாகை நீர்த்தொட்டியில் 20 நிமிடம் வைத்துவிட்டுப் பரப்புங்கள். இரண்டு பரப்பலையும் 30 பாகையிலேயே வளர விடுங்கள். உதாரணத்துக்கு மில்லிலீற்றருக்கு உயிருள்ளவை 20 கோடி, சூட்டில் தப்பியவை 14 கோடி என்றால் வித்தியாதல் 70 வீதம். 42 இல் வளர்த்த விகாரியில் உயிருள்ளவை அதே 20 கோடி, தப்பியவை 20,000 என்றால் 0.01 வீதம். இங்கே வழக்கமாகத் தவறுவது நீர்த்தொட்டிப் படியில். குழாயின் உட்சுவரில் மேலே தெறித்த துளி 80 பாகைக்கு வராமலே தப்பும், அதிலுள்ள சாதாரணக் கலங்கள் வித்தியாகக் கணக்கில் ஏறும். தொட்டி நீர்மட்டம் குழாய்க்குள் இருக்கும் திரவமட்டத்தைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். நேரத்தை, கலமில்லாத அதே அளவு உப்பு நீரில் வெப்பமானி விட்ட குழாய் 80 ஐத் தொட்ட பிறகு எண்ணத் தொடங்குங்கள். கூடிய வெப்பநிலையில் உருவான வித்தி ஈரச்சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், 30 இல் உருவானது சற்றுக் குறைவாகத் தாங்கும். 80 பாகைக்கு இரண்டுமே அசையாது. அவசரத்துக்கு 90 க்கு ஏற்றினால் இசைவுத் தட்டின் எண்ணிக்கைதான் அநியாயமாகக் குறையும்.

நுணுக்குக்காட்டி இருந்தால் மலகைற் பச்சைச் சாயமும் போட்டுப் பாருங்கள். 5 வீதக் கரைசலை ஆவியில் ஐந்து நிமிடம் காயவிடாமல் வைத்து, கழுவி, சஃப்ரனின் 0.5 வீதத்தில் அரை நிமிடம். வித்தி பச்சை, கலம் சிவப்பு. 30 க்கும் 42 க்கும் ஒரே மணிநேரத்தை ஒப்பிட வேண்டாம். 30 இல் எல்லாம் மெதுவாக நடக்கும், இரண்டாம் நாள் பாருங்கள்.

விகாரப் புரதம் எந்தக் கட்டத்தில் தேவைப்படுகிறது என்று அறியும் வெப்பநிலை மாற்றப் பரிசோதனைக்கு இந்தப் பெட்டி உதவாது. இதை வாங்கிவிட்டு ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். முறை இதுதான்: திரவ வளர்ப்பு பெருகுவதை நிறுத்தும் கணத்தை ரி-0 என்று வைத்து, மணிக்கு ஒருமுறை ஒரு பகுதியை 30 இலிருந்து 42 க்கு மாற்றி, மறுநாள் வித்தி எண்ண வேண்டும். ரி-2 க்குப் பிறகு மாற்றியவை தப்பித்துக்கொண்டால், அந்தப் புரதத்தின் வேலை அதற்குள் முடிந்திருக்கிறது, அல்லது மடிந்து அமைந்தபின் சூட்டைத் தாங்குகிறது. இதற்கு மாற்றம் சில நிமிடங்களில் முடிய வேண்டும். காற்றுப் பெட்டிக்குள் வைத்த குடுவை 12 பாகை ஏற அரைமணிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அதற்குள் கலம் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். நீர்த்தொட்டிதான் வேண்டும்: 10 மில்லிலீற்றரை 125 மில்லிலீற்றர் குடுவையில் மெல்லிய படையாக எடுத்து, 42 பாகை நீரில் கைவிடாமல் சுழற்றுங்கள். சூடான புது ஊடகத்தைச் சேர்த்துச் சட்டென்று ஏற்றலாம் என்று சிலர் நினைப்பார்கள். புது ஊடகம் என்றால் புது உணவு, பட்டினி கலைந்துவிடும். சேர்க்கத்தான் வேண்டுமென்றால் அதே வளர்ப்பிலிருந்து கலங்களை நீக்கி வடித்த பழைய ஊடகத்தை 54 பாகைக்குச் சூடாக்கிச் சம அளவு சேருங்கள். 30 உம் 54 உம் சேர்ந்தால் 42.

குலுக்கியைப் பெல்ற்றியர் பெட்டிக்குள் வைப்பதும் யோசிக்க வேண்டிய விடயம். வித்தியாதலுக்குக் காற்றோட்டம் கட்டாயம், 250 மில்லிலீற்றர் குடுவையில் 25 மில்லிலீற்றருக்கு மேல் ஊற்றக்கூடாது, நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வேண்டும். ஆனால் குலுக்கியின் மோட்டர் உள்ளேயே சூடு விடும். குளிர்த்தகட்டின் மிச்சப் பலம் எல்லாம் அதற்கே செலவாகிவிடும். மோட்டர் வெளியே இருக்கிற மாதிரியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் தட்டுப் பரிசோதனையோடு நின்றுகொள்ளுங்கள்.

கரண்ட் போனால் பெட்டி அறை வெப்பத்தை நோக்கி ஏறும். இந்த அளவுப் பெட்டி ஏறத்தாழ 120 வாற் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாலு மணித்தியாலத்துக்கு 480 வாற்-மணி. 12 வோல்ற் 100 அம்பியர்-மணி ஈய பற்றரியில் கணக்குப்படி 1,200 இருந்தாலும் பாதிக்குமேல் இறக்கக்கூடாது. இன்வேர்ட்டர் இழப்பும் போக 500 மிஞ்சும். ஒரு மின்வெட்டைத் தாண்ட அது போதும். கொம்பிரசர் உள்ள பெரிய பெட்டியை இப்படி ஓட்ட முடியாது, தொடக்க மின்னோட்டம் இன்வேர்ட்டரைத் தள்ளிவிடும். கரண்ட் வந்தபின் பெட்டி பழைய 30 ஐ நினைவில் வைத்துத் தானே தொடங்குகிறதா என்பதையும் பாருங்கள். சில மாதிரிகள் பொத்தானை அழுத்தும்வரை சும்மா நிற்கும், இரவில் அதை யார் அழுத்துவது.

பணம் போதாத பாடசாலைக்கு ஒரு மாற்று உண்டு, அதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை. வேலை செய்யும் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று, எஸ்.ரி.சி-1000 என்ற சிறு வெப்பக் கட்டுப்படுத்தி, 60 வாற் குண்டு பல்ப், ஒரு சின்னக் காற்றாடி. கட்டுப்படுத்தியில் குளிர்விக்க ஒரு ரிலே, சூடாக்க ஒரு ரிலே. ஃபிரிட்ஜை முதலாவதிலும் பல்பை மற்றதிலும் ஒரு மின்னியலாளரைக் கொண்டு இணையுங்கள். உணரியைக் காற்றில் தொங்கவிடாமல் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டால் அடிக்கடி ஏறி இறங்காது. வித்தியாசத்தை 0.5 பாகைக்கும், கொம்பிரசர் தாமதத்தை 3 நிமிடத்துக்கும் வையுங்கள். பல்பைத் தகரப் பேணியால் மூடுங்கள், ரிஃபாம்பிசின் வெளிச்சத்தில் கெடும். எல்.ஈ.டி பல்ப் போட வேண்டாம், அது சூடு தராது. இப்படிச் செய்த பெட்டி தட்டுப் பரிசோதனைக்கு 30 பாகையைத் தரும். இடத்துக்கிடம் வேறுபாடு கூடுதலாக இருக்கும், கரண்ட் செலவும் கூட.

எந்தப் பெட்டியானாலும் துப்புரவில் ஒரு விடயத்தை அலட்சியம் செய்யக்கூடாது. 70 வீத ஸ்பிரிற் வித்தியைக் கொல்லாது. மேசையையும் பெட்டியின் உட்சுவரையும் ஸ்பிரிற்றால் துடைத்துவிட்டுச் சுத்தம் என்று நினைத்தால், அடுத்த தவணை மாணவர்களின் தட்டில் உங்கள் பசிலஸ்தான் முளைக்கும். குளோரின் வெளிற்றும் திரவத்தை ஒன்றுக்கு ஒன்பது பங்கு நீரில் கலந்து, 20 நிமிடம் ஈரமாக விட்டு, பிறகு நல்ல தண்ணீரால் துடையுங்கள். விடாமல் துடைத்தால்தான் உலோகம் தப்பும். பாவித்த தட்டுகள் 121 பாகையில் 20 நிமிடம் ஓட்டோகிளேவ் ஆகாமல் குப்பைக்குப் போகக்கூடாது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பிகள் என்பதால் இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

கிடைத்த விகாரியை 30 பாகையிலேயே வித்தியாக்கி, அந்த வித்திகளை நீரில் கலந்த தொங்கலைக் கிருமிநீக்கிய வடிதாள் துண்டில் உலர்த்தி உறையில் போட்டால் ஆழ்குளிரூட்டி இல்லாமலே வருடக்கணக்கில் இருக்கும். மறுபடி எழுப்பும்போது 42 தட்டிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அங்கே கபிலப் புள்ளி ஏதும் வந்தால் விகாரத்தின் விளைவு நீங்கிப் பழைய நிலைக்குத் திரும்பிய மீள்விகாரி கலந்திருக்கிறது, தனிக்கூட்டமாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

வாங்குவது என்று முடிவானால், கொழும்பில் ஏசி அறையில் விற்பனையாளர் காட்டுகிற 30 ஐப் பார்த்துப் பணத்தை முழுதாகக் கொடுக்க வேண்டாம். உங்கள் அறையில், உங்கள் மேசையில், பிற்பகல் இரண்டு மணிக்கு, உள்ளே தட்டுகள் நிறைந்திருக்கையில், கதவை ஒரு நிமிடம் திறந்து மூடி, குடுவைக்குள் இருக்கும் வெப்பமானி எவ்வளவு நேரத்தில் 30 க்குத் திரும்புகிறது என்று பாருங்கள். அடுத்து பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துப் போட்டு, தானே தொடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.